தண்ணீருக்கு அடியில் இருந்த பயிர்

அண்ணனும் தம்பியும் கட்டிட வேலைக்கு வெளியூர் போய்விட்டதால், ஒரே வரப்பின் இரண்டு பக்கமும் இருந்த வயல்களை அவர்கள் மனைவிகளே பார்த்துக்கொண்டார்கள். அந்த வருஷம் மகளிர் குழுவில் வேளாண்மை அதிகாரி ஒருவர் வெள்ளம் தாங்கும் புது நெல் விதை கொடுத்தார். சின்னவள் வாங்கினாள். பெரியவள், "நெல்லுக்கு நீச்சல் தெரியுமாமா? நல்லா கதை விடுறாங்க," என்று சிரித்துவிட்டு, வழக்கமான விதையையே போட்டாள்.

பயிர் பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டும் சமயத்தில் ஆற்றங்கரை உடைந்தது. வரப்பே தெரியாமல் இரண்டு வயலும் ஒரே ஏரியாகிவிட்டன. பெரியவளின் பயிர் எட்டி எட்டி வளர்ந்து தண்ணீருக்கு மேலே நுனியை நீட்டியது. சின்னவளின் பயிர் இருக்குமிடமே தெரியவில்லை.

"அக்கா, உன்னோடது பொழைச்சுக்கும்போல. நான்தான் ஏமாந்துட்டேன்."

பெரியவளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. "வடியட்டும்டி, பார்க்கலாம்," என்றாள்.

தண்ணீர் வடிந்ததும், நெடுநெடுவென்று வளர்ந்த பயிர் நிற்கத் தெம்பில்லாமல் சேற்றில் சாய்ந்து அழுகியது. சின்னவளின் பயிரும் செத்ததுபோலத்தான் கிடந்தது. "உழுது போட்டுடு," என்றான் கணவன் போனில். விதை கொடுத்த அதிகாரி அம்மா மட்டும், "அது தண்ணிக்குள்ள வளராம தெம்பைச் சேத்து வச்சிருக்கும். கொஞ்சம் பொறுங்க," என்றார்.

பொறுத்தாள். ஒரு காலையில் குனிந்து பார்த்தால், அழுகிய இலைகளுக்கு நடுவே ஊசி ஊசியாகப் பச்சை. சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

நெற்குத்துகள் மறுபடி தடித்ததும், அவள் ஒவ்வொன்றாகப் பெயர்த்து இரண்டாகப் பிரிக்க ஆரம்பித்தாள். பெரியவள் பதறி ஓடிவந்தாள்.

"பைத்தியமா உனக்கு? வர்ற பயிரைப் போய் பிடுங்குறே!"

"பிடுங்கலக்கா, பங்கு போடுறேன். பாதி இங்க, பாதி உன் வயல்ல. தனியா நட்டாலும் தூர் கட்டுமாம், அந்த அம்மாகிட்ட கேட்டுட்டேன்."

"உனக்குக் குறைஞ்சு போகாதா?"

"குறைஞ்சா குறையட்டும். நீ வெறும் வயலோட உக்காந்திருந்தா, நான் மட்டும் எப்படி அறுக்குறது?"

பெரியவள் கையை நீட்டி நாற்றை வாங்கிக்கொண்டாள். குழுப் பெண்களும் வந்து இறங்க, வெயில் ஏறுவதற்குள் பாதி வயல் நட்டாகிவிட்டது.

பெரியவளின் கதிர் கொஞ்சம் பிந்தித்தான் முற்றியது. ஆனாலும் வீட்டுக்கும் அடுத்த விதைப்புக்கும் போதும். அறுப்பு முடிந்த அன்று இருவரும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். அசதியில் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டது. அப்படியும் பிள்ளைகள் இரண்டாம் தடவை தட்டை நீட்டினார்கள்.