வண்ணத்துப்பூச்சிக்காரரின் தண்ணீர்

பிணவறையில் கிடந்த அந்த அம்மாவுக்குப் பெயர் இல்லை. ரயிலில் இறந்துபோனவர், கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் யாரும் வராவிட்டால் அநாதை என்று புதைத்துவிடுவார்கள். எந்த ஊர்க்காரர் என்று அவர் முடியை வைத்துச் சொல்வது என் வேலை.

குடிக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் முடியில் ஏறிவிடும். அதில் கனமான ஐசோடோப்பு எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். முடியை அளந்துவிட்டேன். ஊர்த் தண்ணீரையெல்லாம் யார் அளப்பது? நல்லவேளை, வண்ணத்துப்பூச்சிகள் எங்கிருந்து வருகின்றன என்று ஆராய்பவர் ஒருவர், ஊர் ஊராகத் தண்ணீர் பிடித்து அளந்து, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் உள்ள பொதுத் தரவகத்தில் போட்டிருந்தார். புண்ணியவான் என்று வாழ்த்திக்கொண்டே திறந்தேன்.

அவர் கணக்குப்படி எங்கள் குழாய்த் தண்ணீரே கடல்நீர் அளவுக்குக் கனமாக இருந்தது. வந்த எரிச்சலில் போன் போட்டேன்.

"எந்தத் தண்ணியோட ஒப்பிட்டு அளந்தீங்க? உலகம் பூரா அளவுகோலா வெச்சிருக்கிற தர நீரா?"

"இல்லம்மா, எங்க லேப் தண்ணி. பூச்சிக்குப் பூச்சி ஒப்பிட அது போதும்னு விட்டுட்டேன்."

"உங்க பூச்சிக்குப் போதும் சார். இங்க ஒரு மனுஷி கிடக்கிறாங்களே."

அந்தப் பக்கம் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"அந்தத் தண்ணி வீட்ல பத்திரமா இருக்கு. கொட்டிடாதீங்கன்னு தரவகத்தைப் பாத்துக்கிற பொண்ணு என் உயிரை எடுத்துச்சு. நானே கொண்டுவரேன்."

மறுநாள் காலையில் பாட்டிலை மார்போடு அணைத்தபடி வந்து நின்றார். "வீட்டுக்காரி ரெண்டு தடவை செடிக்கு ஊத்தப் பாத்தா," என்றார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அதைத் தர நீரோடு வைத்து அளந்தோம். வித்தியாசம் தெரிந்ததும் அவருடைய எண்கள் எல்லாவற்றையும் திருத்தினோம். முடியோடு இரண்டே இரண்டு மலையூர்கள் பொருந்தின. போலீஸ்காரர்கள் போட்டோவோடு அங்கே போனார்கள். வியாழக்கிழமை மகள் வந்துவிட்டாள். அம்மா அக்கா வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"அம்மா குடிச்ச தண்ணிய வெச்சு."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர் தண்ணி உடம்புக்கு ஆகலைன்னு தினமும் என்னைத் திட்டுவாங்க."

நான் வண்ணத்துப்பூச்சிக்காரரைக் காட்டினேன். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனிதருக்கும், முகம் தெரியாத அந்தத் தரவகத்துப் பெண்ணுக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன்?

திருத்திய எண்களை, எந்தத் தண்ணீரோடு அளந்தது என்ற விவரத்தோடு தரவகத்தில் ஏற்றினோம். நன்றி என்ற இடத்தில், மகளிடம் கேட்டு, அந்த அம்மாவின் பெயரைப் போட்டேன்.