வாலில்லாச் சேவல்

அந்தப் பள்ளி பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டே பேருந்து நிறுத்தம் தள்ளி இருந்தது. அது செய்த பாவம் அவ்வளவுதான். ஊர் முழுக்கப் பள்ளிகள் இருந்தாலும், காலையில் போய் நாலு பிள்ளைகளைச் சோதித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பிவிட வசதியான பள்ளி இது ஒன்றுதான். சிறப்புக் கல்வியில் பட்டம் வாங்க நினைத்த அத்தனை பேரும் அந்த இரண்டு நிறுத்தத்தைத்தான் கடந்து வந்தார்கள். வராண்டா கோடி அறையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே நாலு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த டீச்சரைப் பார்த்து, "கொஞ்சம் ரூம் வேணும் மேடம், நாப்பது நிமிஷம்தான்" என்பார்கள். டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராண்டாவுக்குப் போவார். கற்பித்தல் எப்படி நடக்கிறது என்று ஆராய்வதற்காகக் கற்பித்தல் நிறுத்தப்படும்.

ஒன்றரை வருடத்தில் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் தேர்ந்தெடுத்தது சிட்டுவைத்தான். ஒன்பது வயது. டீச்சர் வைத்த செல்லப் பெயர் அது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இங்கே அழாத பிள்ளைக்குச் சோதனை கிடைத்தது. மற்ற பிள்ளைகள் புது முகத்தைக் கண்டால் மேசைக்கடியில் போய் உட்காரும், கடிக்கும், ஒன்றுக்குப் போய்விடும். சிட்டு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். ஆராய்ச்சிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எல்லாரும் கொண்டு வந்தது ஒரே சோதனைப் புத்தகம். நூலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். முதல் பக்கத்தில் வாலில்லாத சேவல்: இதில் என்ன குறைகிறது? இரண்டாம் பக்கத்தில் குடை: இது எதற்கு? மூன்றாம் பக்கத்தில் ஆறு பந்துகள்: ஆறுக்கு அடுத்து என்ன? இப்படி முப்பது பக்கம். ஒரே பிள்ளைக்கு ஒரு வருடத்துக்குள் இரண்டாம் முறை கொடுக்கக் கூடாது என்று அதன் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. முடிவுகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்று அதைவிடத் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒழுக்கமானவர்கள். ஒருவர் இன்னொருவரிடம் மூச்சு விடவில்லை. அதனால் ஆறு பேரும் தாங்கள்தான் முதல் ஆள் என்று நம்பினார்கள்.

பதிலைச் சரி என்றோ தப்பு என்றோ பிள்ளையிடம் சொல்லவும் கூடாது. அந்த விதியையும் காப்பாற்றினார்கள். ஆனால் முகத்தைக் காப்பாற்ற யாருக்கும் தெரியவில்லை. சரியாகச் சொன்னால் அவர்களுடைய புருவம் ஏறும். தப்பாகச் சொன்னால் பேனா குனிந்து எழுதும். சிட்டுவுக்கு எழுத்து ஏறாமல் இருக்கலாம், முகம் ஏறும்.

ஏழாவதாக வந்தவர் ஆராய்ச்சியாளர் அல்ல, மதிப்பீட்டு அதிகாரி. எந்தப் பிள்ளைக்குத் தனிப் பாடம் தொடரலாம், யாருக்கு நிறுத்தலாம் என்று வருடத்துக்கு ஒரு முறை முடிவு செய்கிற அம்மாள். எழுபதுக்குக் கீழே எடுத்தால் தினம் ஒரு மணி நேரம் உண்டு. மேலே எடுத்தால் கிடையாது. அந்த அம்மாளும் கைப்பையிலிருந்து எடுத்தது அதே வாலில்லாச் சேவலைத்தான்.

சிட்டு தொண்ணூற்றொன்று எடுத்தாள்.

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா என்று டீச்சர் தனக்குள் பொருமினார். போன மாதம்தான் சிட்டு நாலெழுத்துச் சொற்களுக்கு வந்திருந்தாள். 'பட்டம்' என்பதை நாலு நாள் முட்டி மோதிப் படித்து முடித்தபோது டீச்சர் ஓடிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைக்க ஒரு தாள் வந்துவிட்டது.

அன்றே சிட்டுவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "மேடம் என்னடா கேட்டாங்க?" என்றார்.

"வால், மழை, ஏழு, கத்தரி, பூட்டு, செவ்வாய்..." சிட்டு மூச்சு விடாமல் முப்பதையும் ஒப்பித்தாள். கேள்வி என்ன என்று கேட்டதற்கு யோசித்துப் பார்த்தாள். "கேள்வி தெரியாது டீச்சர். அவங்க பக்கம் திருப்புவாங்க. நான் சொல்லணும்."

டீச்சர் தலைமையாசிரியரின் அலமாரியைக் குடைந்து ஆறு அனுமதிக் கடிதங்களையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு பிள்ளை நம்ம பள்ளிக்கூடத்துல முன்னேறியிருக்கு. அதைப் போய் ஏன் கெடுக்கிறீங்க? ஆண்டறிக்கையில போடலாம்னு இருக்கேன்" என்றார்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. பெற்றவர் கையெழுத்துப் போடாமல் தனிப் பாடத்தை நிறுத்த முடியாது. டீச்சர் சாயங்காலமே சிட்டுவின் அம்மாவைத் தேடிப் போனார். ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள் அவள். வாசலில் நூல் ஒட்டிய துப்பட்டாவோடு வந்தவள் டீச்சரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொண்ணூத்தொண்ணாம் டீச்சர்! சூப்பர்வைசர் பொண்ணுகூட எம்பதுதான் எடுக்குதாம். லைன்ல எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தேன்."

சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னார். ஆறு பேர், ஒரே புத்தகம், மனப்பாடம், கையெழுத்துப் போடாதீர்கள். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் கை மெல்ல விலகியது.

"ஒன்பது வருஷமா எல்லாரும் முடியாது, முடியாதுன்னு சொன்னாங்க. இப்ப ஒருத்தங்க முடியும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. உங்களுக்கு என்னங்க வயித்தெரிச்சல்? என் பொண்ணு நல்லாயிட்டா உங்க வேலை போயிடும்னு பயமா?"

"அப்படியில்லம்மா..."

"நீங்க போங்க டீச்சர்."

டீச்சர் போனார். வழியெல்லாம் அவருக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்த அம்மாவின் இடத்தில் தான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று தெரிந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தலைமையாசிரியர் அறையில் கூட்டம். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, சலவை மடிப்புக் கலையாத புடவையில் சிட்டுவின் அம்மா வந்திருந்தாள். டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை. டீச்சர் எழுதிக் கொடுத்த ஆட்சேபணையை அதிகாரி நின்ற நிலையில் படித்தார், சிரித்தார்.

"சந்தேகம்னா இப்பவே பார்த்துடலாமே" என்று புத்தகத்தை எடுத்தார்.

அதிகாரி அட்டையைத் திறக்கக் கை வைத்ததுமே சிட்டு, "வால்" என்றாள். இரண்டாம் பக்கம் பாதி புரள்கையில் "மழை." மூன்றாம் பக்கத்துக்கு அவர் எச்சில் தொட்டுக்கொண்டிருக்கும்போதே "ஏழு."

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"அடேயப்பா!" என்றார் அதிகாரி. "கேக்கறதுக்கு முன்னாடியே பதில். இந்த வேகம் நான் பார்த்ததில்லை." தன் குறிப்பேட்டில் 'எதிர்வினை வேகம்: மிகச் சிறப்பு' என்று எழுதிக்கொண்டார். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"மேடம், கடைசிப் பக்கத்துலேருந்து கேட்டுப் பாருங்க. ஒரு தடவை" என்றார் டீச்சர்.

"கையேட்டுல முதல் பக்கத்துலேருந்துதான் ஆரம்பிக்கணும்னு இருக்கு. நாமளே விதியை மீறினா எப்படி டீச்சர்?"

கண் முன்னால் வீடு எரிகிறது, வாளியைத் தொட விண்ணப்பம் கொடு என்கிறார்கள். டீச்சர் உட்கார்ந்துவிட்டார். அந்த நிமிடம் அவர் படித்த படிப்பு, வாங்கிய பட்டம் எல்லாம் அவருக்கே கசந்தது.

அதிகாரி ஒரு தாளை சிட்டுவின் அம்மா முன்னால் தள்ளி, பேனாவைத் திறந்து நீட்டினார். தனிப் பாடத்தை நிறுத்திக்கொள்ளச் சம்மதம் என்று நாலே வரி. அம்மா பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடும் முன் முதல் தடவையாக டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தீர்களா என்கிற பார்வை. பிறகு அந்தப் பெருமையிலேயே தாளை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"உனக்கு வந்த கடுதாசிதானே கண்ணு. நீயே படிச்சுக் காட்டு. எல்லாரும் கேக்கட்டும். அப்புறம் அம்மா கையெழுத்துப் போடறேன்."

அறையில் எல்லாரும் சிட்டுவைப் பார்த்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். தாளைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வால்" என்றாள்.

சிட்டு அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள், தலைமையாசிரியர் முகத்தைப் பார்த்தாள். ஒரு புருவமும் ஏறவில்லை. கொஞ்சம் சத்தமாக, "மழை" என்றாள். உடனே, "ஏழு."

அம்மா குனிந்து தாளை ஒரு தரம் படித்தாள். விரலை வரிகளின் மேல் வைத்து, மெதுவாக, கடைசிவரை. பிறகு அதை அதிகாரி பக்கம் திருப்பி வைத்தாள்.

"இதுல எங்க மேடம் வால் இருக்கு?"

அதிகாரி தாளைக் கையில் எடுத்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"குழந்தை கொஞ்சம் பதட்டப்பட்டிருக்கும்" என்று தலைமையாசிரியர் ஆரம்பித்தார்.

"அவ பதட்டப்படல சார். நல்லாத்தான் உக்காந்திருக்கா." அம்மா பேனாவை மூடி மேசையில் வைத்தாள். "நான் கையெழுத்துப் போடல."

டீச்சர் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, தான் சொன்னது பொய்யாகப் போயிருக்கக் கூடாதா என்றுதான் அவருக்கு இருந்தது. எழுந்து போய் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை அவள் நகரவில்லை.

சிட்டு அம்மாவின் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாம் சரியாம்மா?"

ஏழு பேர் சோதித்த பிள்ளை. ஒருத்தரும் இதற்குப் பதில் சொன்னதில்லை. விதி இடம் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு அந்த விதி தெரியாது.

"இல்ல கண்ணு, மூணும் தப்பு" என்றாள். மகளின் தலையைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டாள். "பரவாயில்ல. நாளைக்கு டீச்சர் இதை உனக்குப் படிக்கச் சொல்லித் தருவாங்க."