இருபதா, இருபத்துநாலா

லென்ஸ் வாடகைக் கடைக்காரர் முதலில் கேட்டது எத்தனை பேர் என்று. பதினொன்று என்றான் போட்டோக்காரன். அடுத்து, ரூம் எவ்வளவு பெரிசு என்றார். பத்துக்குப் பதினொரு அடி, அதில் ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் என்றதும், துடைத்துக்கொண்டிருந்த துணியை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"யாராவது ரெண்டு பேரை வர வேண்டாம்னு சொல்ல முடியாதா?"

"எல்லாரும் சொந்தக்காரங்க."

"அதனாலதான் கேக்கறேன்."

இரண்டு லென்ஸ்களை எடுத்து அவன் முன்னால் வைத்தார். ஒன்று இருபத்துநாலு, ஒன்று இருபது. இந்த எண் குறையக் குறைய லென்ஸின் பார்வை விரியும். விரிய விரிய, ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபடுவார்கள். தொழிலில் இருப்பவர்கள் யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருபத்துநாலு மரியாதையான லென்ஸ், யார் முகத்திலும் கை வைக்காது, ஆனால் பின்னால் போக இடம் கேட்கும். இருபது அவ்வளவாக இடம் கேட்காது.

"இருபதுன்னா ஓரத்துல நிக்கறவங்க லேசா பூசினாப்ல தெரிவாங்க. சில பேருக்கு அது பிடிக்கவும் செய்யும்" என்றார் கடைக்காரர். "ஆமா, உங்ககிட்டயே பதினாறு ஒண்ணு இருக்குமே? அதுல ரூமோட சேர்த்துப் பக்கத்து வீடும் விழுமே."

"பதினாறு வேண்டாம்" என்றான். இரண்டையும் இரண்டு நாளைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பதினாறு அவனிடம் இருந்தது உண்மைதான். எட்டு வருடமாக அதே கேமரா பையில், அதே மூலையில், மூடி கழற்றாமல் கிடந்தது. விற்றுவிடலாம் என்று பலமுறை நினைத்தும் மனம் வரவில்லை. இந்த நாலாவது மாடி வீட்டை வாங்கிய புதிதில் எல்லோரும் வீடு பார்க்க வந்திருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவன் அந்த லென்ஸை வாங்கியிருந்தான், கை அரித்துக்கொண்டிருந்தது. ஹாலில் எல்லோரையும் நிற்கவைத்தான். அண்ணனின் மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிவிட்டுக் கடைசியாக வந்தாள். வலது ஓரத்தில்தான் இடம் இருந்தது. போட்டோ என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவது அண்ணியின் வழக்கம். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படத்தில் அவளுடைய கன்னம் தனியாகக் கிளம்பிப் போயிருந்தது. கை தலையணை போல இருந்தது. மற்ற எல்லோரும் நன்றாகவே விழுந்திருந்தார்கள், அதுதான் வினை. குடும்பம் மொத்தமும் ஒரே படத்தில் இருப்பதைக் கண்டு பூரித்துப்போன அப்பா, அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தானே ஹாலில் ஆணி அடித்து மாட்டினார். யாரோ அதைக் குடும்பத்து வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். சித்தப்பா பையன் ஒருவன், ஓரத்தில் இருக்கும் பலூன் யாருடையது என்று கேட்டான். வரிசையாகச் சிரிப்பு முகங்கள் வந்தன. அண்ணி ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் குழுவிலிருந்து விலகியிருந்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படியேறவில்லை. அண்ணன் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போவார். அண்ணி வரலையா என்று கேட்டால், அவளுக்கு வேலை என்பார். எட்டு வருடமும் ஒரே வேலை.

கேட்டவர்களுக்கெல்லாம் அவன் லென்ஸைத்தான் காட்டினான். லென்ஸ் அப்படி, ஓரத்தில் யார் நின்றாலும் அப்படித்தான் விழும் என்றான். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அமுக்குவதற்கு முன்பே அவன் அதைப் பார்த்துவிட்டான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலையில் குளியலறைக்குள் இருந்தபோது, ஹாலில் அண்ணி கேட்டது காதில் விழுந்திருந்தது: "உங்க தம்பி ஏதாவது வேலைக்குப் போறாரா, இல்ல இன்னும் போட்டோதான் எடுத்துட்டு இருக்காரா?" சாதாரணமாகக் கேட்டதுதான், குத்தலாகக்கூட இல்லை. ஆனால் அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவள் ஓரத்தில் வந்து நின்றபோது, அவள் முகம் என்ன ஆகப்போகிறது என்பது கேமராவுக்குள் துல்லியமாகத் தெரிந்தது. அண்ணி, கொஞ்சம் உள்ளே தள்ளி வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு அமுக்கினான். அந்த அரை நொடி அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியதெல்லாம் அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு மாதம் முன்பு அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து நான்கு பேர் அவரை நாற்காலியோடு நாலு மாடி தூக்கிவந்தார்கள். லிஃப்ட் வீடு விற்றவரின் பேச்சில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் இப்படித் தூக்கிக்கொண்டு போய்வருவது நடக்கிற காரியமாக இல்லை. அண்ணன் வீடு தரைத்தளம். என்ன செய்வது என்று இங்கே முழித்துக்கொண்டிருந்தபோது அவன் மனைவிக்கு போன் வந்தது, அண்ணியிடமிருந்து. "மாமாவை இங்க கொண்டுவந்துடுங்க. நான் பார்த்துக்கறேன்." வேறு எதுவும் பேசவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போவதாக முடிவாயிற்று. போவதற்கு முன்னால் தன் அறையிலேயே எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். நாற்காலியில் நாலு நிமிஷம் உட்கார்ந்தாலே அவருக்கு வலி எடுத்துவிடும். கட்டிலோ அறை வாசலைத் தாண்டாது.

எட்டு வருடம் கழித்து வருகிறவளை மறுபடி ஓரத்தில் நிறுத்திக் கெடுத்துவிட்டால், ஆயுசுக்கும் அவள் முகத்தில் விழிக்க முடியாது. அதனால் சனிக்கிழமையே அவன் ஒத்திகை பார்த்தான். கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தான். பீரோவை ஹாலுக்குத் தள்ளினான். அறைக்கதவைக் கீலோடு கழற்றி வெளியே சாய்த்தான். ஆட்களுக்குப் பதிலாகக் கட்டிலுக்குப் பின்னால் நாற்காலிகளையும், அவற்றின் மேல் தலையணைகளையும், பக்கெட்டுகளையும் வைத்தான். அப்பா தலையணையில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த பக்கெட் யாருடா?"

"உங்க பேரன்."

"உன் அண்ணி எது?"

அவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினான். அதன் கால் ஒன்று லேசாக விரிசல் விட்டிருந்தது.

"அவளுக்கு நல்லதா ஒண்ணு போடு" என்றார் அப்பா.

ஹாலிலிருந்து மர நாற்காலியைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டான். இருபத்துநாலை மாட்டி வாசலில் நின்று பார்த்தால் இடப்பக்கம் ஒரு தலையணையும் வலப்பக்கம் ஒரு பக்கெட்டும் வெளியே போயின. பின்னால் நகர்ந்தால் வாசல் நிலை இரண்டு பக்கமும் குறுக்கே வந்து இன்னும் இரண்டு பேரைத் தின்றது. இருபதை மாட்டினான். பதினொன்றும் உள்ளே வந்தன. ஓரத்து பக்கெட் கொஞ்சம் அண்டாவாக மாறியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு ஓரத்திலும் தானும் தன் மனைவியும் நின்றுவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டான். மனைவியிடம் சொன்னபோது அவள் துணி மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"உங்க லென்ஸ் பண்ணின தப்புக்கு நான் எதுக்குங்க உப்பணும்?"

"லேசாதான்."

"அந்த லென்ஸுக்கு மட்டும் வாய் இருந்தா" என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். எவ்வளவு தெரிந்து சொல்கிறாள் என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிறு காலை அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது, மூக்குக்கண்ணாடி தடித்திருந்தது. ஹால் சுவரில் அந்தப் பழைய படம் இருந்த இடம் சதுரமாக வெளுத்து, மேலே ஆணி அப்படியே இருந்தது. ஒரு நொடி அதைப் பார்த்தாள். பிறகு கைப்பையை அந்த ஆணியில் மாட்டிவிட்டு நேராக மாமனாரின் அறைக்குள் போனாள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்கிறது, சிறுநீர் போக ராத்திரியில் எத்தனை முறை எழுப்புகிறார் என்று அவன் மனைவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். அவன் வாசலில் ட்ரைபாடின் கால்களை நீட்டுவதும் சுருக்குவதுமாக இருந்தான். அவனைப் பார்த்து அவள் தலையசைத்தாள். அவனும் அசைத்தான். எட்டு வருடத்துக்கு அது போதாது, ஆனால் வேறென்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அண்ணன், அவர் மகன், மகள், தங்கை, அவள் கணவர், பிள்ளைகள் என்று எல்லோரையும் கட்டிலுக்குப் பின்னால் வில் போல வளைத்து நிறுத்தினான். அப்படி நின்றால் எல்லோரும் கேமராவுக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பார்கள். மனைவியை இடது ஓரத்துக்கு அனுப்பினான். அண்ணி மட்டும் நோட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"நான் எங்க நிக்கணும்?"

"நிக்க வேண்டாம் அண்ணி. நடுவுல, அப்பா பக்கத்துல உக்காருங்க."

"ஏன்?"

"ஓரத்துல நின்னா லென்ஸ் இழுத்துடும்."

"லென்ஸா இழுக்கும்?" என்றாள்.

எட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் அவன் வாயில் தயாராக இருந்தது. பத்துப் பேர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் காற்றே இல்லை.

"அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுது அண்ணி" என்றான். "அமுக்கறதுக்கு முன்னாடியே பார்த்தேன். உள்ள வாங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை."

"இப்ப எதுக்குடா அதெல்லாம்" என்றார் அண்ணன், அவசரமாக. தங்கை தரையைப் பார்த்தாள். அண்ணி நோட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, நாற்காலியைத் தாண்டி, அவன் பக்கத்தில் வந்தாள்.

"நீங்க போய் நில்லுங்க தம்பி. நான் பார்க்கறேன்."

அவன் வலது ஓரத்தில் போய் நின்றான். அவள் குனிந்து கேமராவுக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் அவ்வளவு மோசமா தெரியலையே."

"இது இருபது அண்ணி. அன்னைக்குப் போட்டது பதினாறு."

"அது எங்க?"

"பையிலதான் இருக்கு."

"மாட்டுங்க."

அவன் மறுபடி வாசலுக்கு வந்தான். பையின் மூலையிலிருந்து அதை எடுத்து மூடியைக் கழற்றினான். முன்கண்ணாடி முட்டைக்கண் போலப் பிதுங்கியிருந்தது. அதை மாட்டினான். பதினாறு வந்ததும் அறைக்கு எங்கிருந்தோ இடம் வந்துவிட்டது. எல்லோரையும் உள்ளே நெருங்கி வரச்சொன்னாள் அண்ணி. அவன் மனைவி ஒரே எட்டில் நாத்தனார் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். அவன் மட்டும் வலது ஓரத்தில், மற்றவர்களிடமிருந்து இரண்டு கை தள்ளி நின்றான். இன்னும் கொஞ்சம் தள்ளுங்க என்று அவள் கையைக் காட்டினாள். சுவர் முதுகில் இடிக்கும் வரை தள்ளினான். தன் கன்னம் எங்கே போய்க்கொண்டிருக்கும், கை என்ன ஆகியிருக்கும் என்று அவனைவிட நன்றாக அந்த அறையில் யாருக்கும் தெரியாது. கூசியது. ஆனாலும் அசையாமல் நின்றான்.

அண்ணி கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது. சிரிப்பா, வேறேதாவதா என்று அங்கிருந்து தெரியவில்லை.

"ம்" என்றாள். "எதை அமுக்கணும்?"

"மேல இருக்கே, அது. அமுக்கினா பத்து செகண்ட் கழிச்சுத்தான் எடுக்கும். அதுக்குள்ள நீங்களும் வந்துடலாம்."

கட்டிலுக்குப் பக்கத்தில் மர நாற்காலி காலியாக இருந்தது. தங்கையின் பையன் அதில் உட்காரப் போனான். அப்பா கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார். எங்க அவ, என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

அண்ணி அமுக்கினாள். கேமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு மெதுவாக மினுக்கத் தொடங்கியது. யாரோ சிரிங்க என்றார்கள். அவள் ட்ரைபாடின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே நின்றாள். அவன் மனதுக்குள் எண்ணினான். ஐந்து. ஆறு. சுவர் முதுகில் சில்லென்று இருந்தது. ஏழு. கடைசி இரண்டு விநாடிகளுக்கு அந்த விளக்கு படபடவென்று வேகமாக மினுக்கும். அது வேகமெடுத்தபோது, அண்ணி அன்று போலவே, இரண்டு கைகளையும் உயர்த்தித் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.