தாப்பா

பக்கிரிசாமி முன்கம்பியைத் தூக்கிப் பிடிக்க, ஜெயராஜின் மருமகன் குகன் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ள, கேரவன் மனமில்லாமல் வீட்டு வாசல் போர்ச்சை விட்டு நகர்ந்தது. ஜெயராஜின் உடல் மருத்துவமனையிலிருந்து வருவதற்குள் அங்கே கூடாரம் போட்டாக வேண்டும்.

"மெதுவா தம்பி, மெதுவா! சாக்கடைக்குள்ள எறக்கிட்டா அவன் எந்திரிச்சு வந்து என்னை ஒதைப்பான்," என்றார் ஜெயராஜின் பழைய சிநேகிதரான பக்கிரிசாமி.

ஒரு பக்கச் சக்கரங்கள் சாலையோரச் சரிவில் இறங்கின. வண்டிக்குள் குளியலறைக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த ஜெயராஜின் மனைவி புஷ்பவள்ளி நிமிர்ந்தாள். "தாப்பா," என்றாள்.

மகள் சுபாஷினி அவள் கையைப் பிடித்தாள். "மா, மறுபடியும் ஆரம்பிக்காதீங்கலா."

அன்று விடியற்காலை ஜெயராஜ் கடைசியாகச் சொன்னது அந்த ஒரு சொல்தான். யாரிடம் சொன்னார் என்பதில்தான் தாய்க்கும் மகளுக்கும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் வீட்டில் தாழ்ப்பாளுக்குத் தாப்பா என்று பேர். மலாய்க்காரர்கள் 'பரவாயில்லை' என்பதற்குத் 'தாக் அப்பா' என்பார்கள். பினாங்குக்காரர் வாயில் அது தேய்ந்து தாப்பா என்றே விழும். ஊசி போட நரம்பு கிடைக்காமல் மாற்றி மாற்றிக் குத்திய மலாய் நர்ஸ் மிஸ்ஸி, "சோரி பாக்சிக்," என்று பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அதற்குத்தான் அப்பா பதில் சொன்னார் என்பது சுபாஷினியின் கட்சி. கட்டிலின் இந்தப் பக்கம் நின்ற வள்ளிக்கு, அவர் கண் தன்மேல்தான் இருந்தது.

"அப்பா மிஸ்ஸியைத்தான் பாத்தாரு, மா."

"என் பக்கம்தான் திரும்புனாரு."

"சரி, உங்களத்தான் பாத்தாரு. உயிர் போற நேரத்துல யாராச்சும் கேரவன் தாப்பாவைப் பத்திப் பேசுவாங்களா?"

"உங்கப்பா பேசுவாரு."

சுபாஷினிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வள்ளி விளையாட்டாகச் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவரின் கடைசிச் சொல், பெயர் தெரியாத ஒரு மிஸ்ஸிக்குப் போய்விட்டதா, தனக்கு வந்ததா என்று தெரிய வேண்டியிருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஜெயராஜ் வாங்கிய, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் பழைய வண்டி அது. முதல் பயணம் தாசேக் கெலுகோர், பக்கிரிசாமியின் செம்பனைத் தோட்டத்து ஓரம். ஆண்கள் இருவரும் தூண்டிலோடு போய்விட்ட நேரத்தில், குளிக்கப் போன வள்ளி உள்ளே மாட்டிக்கொண்டாள். தாழ்ப்பாள் அசையவில்லை. பிளாஸ்டிக் குவளையால் கதவைத் தட்டித் தட்டிக் குவளை உடைந்ததுதான் மிச்சம். வெயில் சாய்ந்த பிறகுதான் அவர் வந்து கதவை வெளியிலிருந்து நெம்பித் திறந்தார்.

வீட்டுக்கு வந்ததும், போர்ச்சில் நிறுத்தித் தாழ்ப்பாளை ஓயாமல் போட்டும் எடுத்தும் பார்த்தார்.

"வெண்ணெ மாதிரி போவுது, வள்ளி. ஒனக்குத் தொறக்கத் தெரியல."

"தெரியாதவ தெரியாதவளாவே இருக்கேன். அந்தத் தாப்பா சரியாவுற வரைக்கும் நான் இதுல கால் வைக்க மாட்டேன்."

வைக்கவில்லை. அவர் ஒரு முறை தனியாகத் தெலுக் பாஹாங் கடற்கரைக்குப் போனார். இரண்டு நாள் என்று கிளம்பியவர் இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். "கொசு," என்றார்.

மதியத்துக்கு மேல் எல்லாம் வேகமாக நடந்தது. பெட்டி வந்தது, வாய்க்கரிசி போட்டார்கள், பெட்டி 'பத்து லஞ்சாங்' மயானத்துக்குக் கிளம்பியது. ஆண்கள் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். இருந்த இரண்டு குளியலறைக்கும் ஆள் காத்திருந்தது. வள்ளி ஒரு துண்டையும் மாற்றுச் சேலையையும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், சாலையோரம் சாய்ந்து நின்ற கேரவனில் ஏறினாள்.

குளியலறைக்குள் திரும்பி நிற்கத்தான் இடம் இருந்தது. கதவுக் கொக்கியில் ஜெயராஜின் நீலத் துண்டு தொங்கியது. அதை எடுக்க மனம் வராமல், அதன் மேலேயே தன் துண்டைப் போட்டுவிட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். குழாயைத் திருகினாள். தண்ணீர் வந்தது. எங்கும் போகாத வண்டியின் தொட்டியை யார் நிரப்பி வைத்தது?

குளித்து, சேலையைச் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. அதே தாசேக் கெலுகோர்.

பயம் வரவில்லை. சுற்றிப் பார்த்தாள். தரையில் நின்ற தண்ணீர் துவாரத்துக்குப் போகாமல் ஒரு மூலையில் தேங்கியிருந்தது. கதவின் மேலே ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி, மறு பக்கம் ஒன்றுமில்லை. வண்டி சாய்ந்தால் கதவு இறங்குகிறது. இறங்கிய கதவு தாழ்ப்பாளின் நாக்கைக் கவ்விக்கொள்கிறது. பக்கிரிசாமியின் நிலத்திலும் ஒரு சக்கரம் பள்ளத்தில்தான் நின்றது. போர்ச்சோ பலகை போலச் சமம். அங்கே வருடக்கணக்கில் சோதித்தாலும் வெண்ணெய் மாதிரிதான் போகும்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க..."

சொல்லி முடித்த பிறகுதான் நினைவு வந்தது.

கொக்கியிலிருந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து எடுத்தாள். பின்னால் ஒரு சிவப்பு நைலான் கயிறு இருந்தது. தாழ்ப்பாளின் நாக்கில் சிறிய துளை போட்டு, அதில் கோத்து, கதவிலேயே அடித்த ஒரு வளையத்தின் வழியாக அவள் இடுப்பு உயரத்துக்கு இறக்கியிருந்தது. கயிற்றின் முனையில் கைப்பிடியாக ஒரு மரக்கட்டை. வள்ளி அதைத் திருப்பிப் பார்த்தாள். போன மாதம் முழுக்க வீட்டையே புரட்டித் தேடிய அவளுடைய தோசைக் கரண்டியின் பிடி. ஓரங்களைக் கை உறுத்தாதபடி தேய்த்திருந்தார்.

தாழ்ப்பாளில் ஒரு குறையும் இல்லை என்று சாதித்த மனுஷன், கடற்கரையிலிருந்து கொசு என்று திரும்பி வந்த மனுஷன், இதை எதற்குக் கட்டினார்?

வெளியே படியில் காலடிச் சத்தம்.

"மா! இதுக்குள்ளயா இருக்கீங்க? எங்கெல்லாம் தேடறது!" கதவு வெளியிலிருந்து குலுங்கியது. "ஐயோ, மாட்டிக்கிட்டீங்களா? இருங்க, குகனுக்குப் போன் போடறேன்."

வள்ளி கைப்பிடியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"தாப்பா," என்றாள்.

கதவின் குலுக்கல் நின்றது. பிறகு சுபாஷினி கதவருகே முகத்தை வைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "எந்தத் தாப்பா, மா?"

வள்ளி கயிற்றை இழுத்தாள். விரலுக்கு அசையாத நாக்கு, முழுக் கையின் இழுப்புக்கு டக்கென்று பின்வாங்கியது. கதவைத் திறக்கவில்லை. விரலால் நாக்கை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு, இன்னொரு முறை இழுத்தாள். இன்னொரு முறை.