லிஃப்ட் இல்லாத தீவில் ஒரு காது

பெரியக்காவுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. தன்னிடம் வேலை பார்ப்பவர்கள் தன் கண்ணெதிரே இருக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அவள் லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம் நடத்தி வந்தாள். நகரத்தில் முந்நூற்று நாற்பது லிஃப்டுகள் அவளை நம்பி ஏறி இறங்கின. மெக்கானிக்குகள் பதினோரு பேர். அவர்களுக்குத் தலைவன் அவள் தம்பி. அவன் "அக்கா" என்று கூப்பிட்டதால் மற்றவர்கள் "பெரியக்கா" ஆக்கிவிட்டார்கள். நாளடைவில் கட்டட மேனேஜர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சாவி செய்து கொடுக்கும் கடைக்கு மேலே அவளுடைய ஆபீஸ். அதில் ஒரு கண்ணாடி அறை. அங்கிருந்து பார்த்தால் மூன்று மேசைகளும் தெரியும், யார் வருகிறார், யார் போகிறார் என்பதும் தெரியும். நடு மேசையில் இருந்த பெண்தான் புகார் போன்களை எடுத்து, எந்த மெக்கானிக் எங்கே போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பாள். கணவனுக்கு வேற்றூருக்கு மாற்றல் வந்தது, அவள் போய்விட்டாள். பத்து வாரம் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

விளம்பரம் கொடுக்காமல் இல்லை. நாலு பேர் வந்தார்கள். ஒருத்தர் உட்காருவதற்கு முன்பே லீவு எத்தனை நாள் என்று கேட்டார். இன்னொருத்தர் இரண்டு நாள் வந்தார், மூன்றாம் நாள் போனைக்கூட எடுக்கவில்லை. மற்ற இருவருக்கும் வந்து போகவே தினம் மூன்று மணி நேரம் ஆகும் என்று தெரிந்ததும் கும்பிடு போட்டுவிட்டார்கள். கடைசியில் பெரியக்காவே இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு அல்லாடினாள்.

விளம்பரம் எழுதிப் போடுவது தம்பி மனைவி. அச்சகத்தில் வேலை பார்க்கிறவள், வார்த்தையை எண்ணி எழுதுகிறவள். ஒருநாள் மத்தியானம் ஆபீசுக்கு வந்தவள், பழைய விளம்பரத்தை எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணி, இந்த ஒரு வரிய எடுத்துட்டா என்ன?"

"எந்த வரி?"

"'தினமும் நேரில் வர வேண்டும்'ங்கற வரி. போன் எடுக்கற ஆள் எங்க உக்காந்து எடுத்தா என்ன?"

"கண்ணுல படாத ஆள் வேலை செய்யறாரா தூங்கறாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணுல படற ஆளுங்க மட்டும் தூங்கலையாக்கும்."

பக்கத்தில் இருந்த தம்பி டீ கிளாசுக்குள் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி குனிந்து பார்த்தான். பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. வரியை எடுத்தார்கள்.

ஒரே வாரத்தில் இருநூற்று ஏழு விண்ணப்பங்கள் வந்தன.

பெரியக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு பெண். எந்த ஆபீசுக்குப் போனாலும் படிக்கட்டுதான் தன்னை நேர்முகத் தேர்வு செய்கிறது என்று எழுதியிருந்தாள். இரட்டைக் குழந்தை பெற்ற ஒரு கணக்கர். படிக்கப் படிக்க அவளுக்கு மலைப்பாக இருந்தது. இத்தனை பேர் இத்தனை நாளும் எங்கே இருந்தார்கள்? ஒரு வரியால் கதவைச் சாத்திவிட்டு, ஆளே கிடைக்கவில்லை என்று புலம்பியது தான்தானா?

ஒரு விண்ணப்பத்தில் மூன்றே வரி: 'கப்பல் எஞ்சின் அறையில் பத்தொன்பது வருடம் இருந்தேன். இப்போது ஒரு தீவில் இருக்கிறேன், இங்கிருந்து வர முடியாது. இயந்திரம் சொல்வதைக் கேட்கத் தெரியும்.'

அந்தக் கடைசி வரி அவளை விடவில்லை. கூப்பிட்டுப் பேசினாள். நிதானமான குரல்.

"ஒரு மாசம் பாப்போம். ஆனா வேலை நேரம் முழுக்க கேமரா ஓடணும்," என்றாள்.

"தாராளமா வைங்க மேடம். ஆனா நான் உக்காந்திருக்கறதப் பாக்கறதுக்கு நீங்க உக்காரணுமே. உங்க வேலைய யாரு பாப்பா?"

கேமரா வேண்டாம் என்று விட்டாள். ஆனால் முதல் இரண்டு வாரம் கண்கொத்திப் பாம்பாக இருந்தாள். வேறு யாரோ போலக் குரலை மாற்றிக்கொண்டு புகார் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவார். மூன்றாவது முறை, "சரிங்க பெரியக்கா, ஆள் அனுப்பறேன்," என்றார். அதோடு அவள் வேவு பார்ப்பதை விட்டாள்.

மூன்றாவது வாரம் அவர் மெக்கானிக்குகளிடம் ஒன்று கேட்டார். எந்த லிஃப்டைப் பார்க்கப் போனாலும் மோட்டாரின் மேல் போனை வைத்து, ஏறும்போது ஒரு நிமிடம், இறங்கும்போது ஒரு நிமிடம் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

மெக்கானிக்குகளுக்குக் கேலி தாங்கவில்லை. "பாட்டு எதாவது சேத்து அனுப்பவா?" என்றான் ஒருவன். அவருக்குக் 'காது' என்று பெயர் வைத்தார்கள். "காது கூப்பிட்டுச்சா?" "காது இன்னிக்கு என்ன சொல்லுது?" தம்பிக்குத்தான் எரிச்சல். "லிஃப்டையே பாக்காத ஆள் லிஃப்டப் பத்திச் சொல்றாராம். நாம கேக்கணுமாம்," என்று அக்காவிடம் முணுமுணுத்தான். ஆனாலும் அனுப்பினார்கள். இரண்டு நிமிட வேலைதானே.

காது பொழுது விடிந்ததும் வேலையில் உட்கார்ந்துவிடுவார். பஸ்ஸில் இடிபட்டு, வியர்த்து, களைத்து வந்து உட்காரும் ஆள் இல்லை. எழுந்து முகம் கழுவினால் ஆபீஸ். மெக்கானிக்குகள் காலை டீயை முடிப்பதற்குள் ஒரு பட்டியல் அனுப்பியிருப்பார். இன்ன கட்டடத்தில் பிரேக் தாமதமாக விடுகிறது, இன்ன இடத்தில் பேரிங் காய்ந்திருக்கிறது, கிரீஸ் வையுங்கள் என்று. அவர்களும் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மழை பெய்த ஒரு காலையில் பெரியக்கா கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தாள். மழை நாளென்றால் புகார்கள் கொட்டும். அன்று பதினோரு மணி வரை எந்த மெக்கானிக்கும் அவசரமாக ஓடவில்லை. லைன் செத்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. உடனே காதைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, போனே வரலையா?"

"ரெண்டு வந்துச்சு மேடம். ஒண்ணு ராங் நம்பர்."

போன வருடம் இதே மழையில் ஒரு காலைக்கு முப்பது புகார் வந்தது அவளுக்கு நினைவிருந்தது. போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டுப் போன பிறகு ஓடிப் போய்ச் சரி செய்வதுதான் தன் தொழில் என்று இருபத்தாறு வருடம் நினைத்திருந்தாள். கெடுவதற்கு முன்பே ஒருவர் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அதற்கு அடுத்த மாதம், முற்பகலில், அவரே கூப்பிட்டார். வழக்கமான நிதானம் குரலில் இல்லை.

"மேடம், கண் ஆஸ்பத்திரி ரெண்டாவது லிஃப்ட நிறுத்தச் சொல்லுங்க."

"எப்போ?"

"இப்போ. ஆளேறி மேல போறப்ப, சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ஒரு தடவை 'டிக்'னு கேக்குது. இறங்கறப்ப இல்ல. போன மாசப் பதிவுல இல்லவே இல்ல. இது பேரிங் இல்ல மேடம். அச்சுத்தண்டுன்னு தோணுது."

சக்கரத்தில்தான் கம்பிவடங்கள் ஓடுகின்றன. அந்த வடங்களில்தான் பெட்டி தொங்குகிறது. அச்சுத்தண்டு முறிந்தால் சக்கரம் இடத்தில் நிற்காது, பெட்டி விழும். பெரியக்கா உடனே தம்பியைப் போனில் கூப்பிட்டாள். அவன் அப்போது அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தான்.

"மெஷின் பக்கத்துலயே நிக்கறேன் அக்கா. எண்ணெய்ல வழுக்கற மாதிரி ஓடுது. கீழ கண்ணுல கட்டுப் போட்டவங்க வரிசையா நிக்கறாங்க. இப்ப நிறுத்தினா மேனேஜர் என்னைத் தின்னுடுவாரு. எங்கயோ உக்காந்திருக்கற ஆள் பேச்சக் கேட்டு…"

ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், மெஷினைத் தொட்டுக்கொண்டு நிற்கிறான். இன்னொரு பக்கம் அவள் முகம்கூடப் பார்க்காத ஒரு மனிதர், கடலுக்கு நடுவில். அவள் கண்ணை நம்பியே வாழ்ந்தவள். அன்று என்ன துணிச்சலோ தெரியவில்லை.

"நிறுத்துடா," என்றாள்.

மேனேஜர் கத்திய கத்தலை அவளே நேரில் போய் வாங்கிக்கொண்டாள். பெட்டியைக் கீழே இறக்கி முட்டுக் கொடுத்து, வடங்களைக் கழற்றி, சக்கரத்தை அசைத்து நகர்த்த மூன்று மணி நேரமாயிற்று. தண்டு பளபளவென்று இருந்தது, ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. தம்பி அதைத் துணியால் துடைத்து அக்காவுக்குக் காட்டினான்.

போனில் காது சொன்னார்: "மண்ணெண்ணெய் தடவி கால் மணி நேரம் விடுங்க. அப்புறம் சுத்தமாத் துடைச்சுட்டு, சாக்பீஸப் பொடி பண்ணித் தூவுங்க."

ஆஸ்பத்திரியின் அறிவிப்புப் பலகையிலிருந்து சாக்பீஸ் எடுத்து வந்தார்கள். வெள்ளைப் பொடி தண்டின் மேல் படிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, தலைமுடி அளவுக்கு ஒரு ஈரக்கோடு அந்த வெள்ளைக்குள்ளிருந்து தானாகவே எழுந்து வந்தது. வெடிப்புக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் பொடியை நனைத்துக்கொண்டு நீண்டது. தண்டைச் சுற்றிப் பாதிக்கு மேல் போய் நின்றது.

மேனேஜர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். தம்பி அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தான்.

"பக்கத்துல நின்னேன் அக்கா," என்றான். "எனக்குக் கேக்கல."

அந்த வாரத்திலிருந்து மெக்கானிக்குகளின் வாயில் 'காது', 'காதய்யா' ஆயிற்று. பெரியக்கா இருநூற்று ஏழு விண்ணப்பங்களையும் மறுபடி எடுத்தாள். எக்ஸ்சேஞ்ச் அம்மாளை மாலை போன்களுக்கு வைத்துக்கொண்டாள். ஊன்றுகோல் பெண்ணைப் புகார்ப் பிரிவுக்கு. இரண்டு பேரும் வேலையைப் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்துக் கண்ணாடி அறையைக் காலி செய்து உதிரி பாகங்களை அடுக்கினாள். பிறகு ஒரு பையை எடுத்துக்கொண்டு தீவுக்குக் கிளம்பினாள்.

ஒரு பகல் முழுக்க ரயில். மறுநாள் மூன்று மணி நேரம் பஸ். அப்புறம் வாரத்துக்கு மூன்று முறை மட்டும் போகிற படகு. துறையில் இறங்கியபோது, நர்ஸ் உடையில் ஒரு பெண் காலில் கட்டுப் போட்ட ஒருவரை அதே படகில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கதானே பெரியக்கா? வீட்டுல நாள் முழுக்க உங்க பேச்சுத்தான். நான் அவரோட சம்சாரம்."

நடந்து போனார்கள். பெரியக்காவின் கண் பழக்கதோஷத்தில் கட்டடங்களின் உயரத்தை அளந்தது. தீவிலேயே பெரிய கட்டடம் பள்ளிக்கூடம். ஒரே ஒரு மாடி. லிஃப்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"எனக்கு லிஃப்ட்னாலே பயம்," என்றாள் நர்ஸ். "படிக்கறப்ப அஞ்சு மாடியும் நடந்தே ஏறுவேன். அவர் இப்படி ஒரு வேலையப் பிடிச்சிருக்காருன்னா பாருங்க."

அவர் வாசலில் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த புருவம். காது சாதாரணக் காதுதான். பெரியக்கா அதைப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார், சிரித்தார்.

"உங்கள மாதிரி ஆளுக்கு எந்த ஊர்லயும் வேலை கிடைச்சிருக்குமே," என்றாள் அவள்.

"கிடைச்சுது. ஆனா இங்க அறுநூறு பேருக்கு இவ ஒருத்திதான் நர்ஸ். இவளால நகர முடியாது. பத்தொன்பது வருஷம் நான் கடல்ல இருந்தேன், இவ காத்திருந்தா. இனி இவ இருக்கற இடம்தான் எனக்கு ஊர். வேலை என்னைத் தேடி வந்தா சரி, இல்லன்னா வலை பின்னலாம்னு இருந்தேன்."

அவர் வேலை செய்யும் அறை ஒரு கட்டில் போடும் அளவுக்குத்தான் இருந்தது. சத்தம் வராமலிருக்கச் சுவரில் கம்பளி தொங்கியது. அலமாரியில் நோட்டுகள், லிஃப்டுக்கு ஒரு பக்கம். பெரியக்கா ஒன்றைப் பிரித்தாள். 'கோர்ட், இடது: காலையில் தொண்டை கட்டும். வெயில் ஏறினால் சரியாகும்.' 'நூலகம்: பெருமூச்சு விடும். பயமில்லை.' 'துணிக்கடை: அவசரக்காரன். பிரேக்கைக் கவனி.'

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். முந்நூற்று நாற்பதும் இருந்தன. தினமும் ஏறி இறங்கிய லிஃப்டுகள், தன் கையால் திறந்து மூடிய கதவுகள். எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த படகு இரண்டு நாள் கழித்து. மறுநாள் காலை அவர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பதிவுகள் வரத் தொடங்கின. அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

முதலில் வெறும் இரைச்சல்தான் கேட்டது.

"அவசரப்படாதீங்க. அடியில போற சத்தத்தப் பிடிங்க. அது மோட்டார். அத விட்டுட்டு மேல வாங்க."

அவள் முயன்றாள். இரைச்சல் மெல்லப் பிரிந்தது. மோட்டாரின் கனத்த முனகல். அதன் மேல் பல்சக்கரங்கள் அரைக்கும் ஓசை. அதற்கும் மேலே வடங்கள் வழுக்கிப் போகும் மெல்லிய சரசரப்பு. பிரேக் விடும் 'க்ளக்'. ஏதோ ஒரு மாடியில் கதவு திறந்து, செருப்புகள் தேய்ந்து, ஒரு குழந்தை தும்மியது. ஒன்றரை நாள் பயணத்துக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த நகரம், இந்தச் சின்ன அறையில், மாடி மாடியாக விழித்துக்கொண்டிருந்தது.

நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "சாப்பாடு எடுத்து வெச்சிட்டேன். ஆறிடப் போகுது, வாங்க."

பெரியக்கா திரும்பாமலே கையை உயர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்க. கோர்ட் லிஃப்ட் இன்னும் முடியல."