முப்பதாம் நாள் தொலைபேசி

என் குடலிறக்கத்துக்கு அறுவை செய்தவன் என் மகன். வேறு கை என் மேல் படக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவன் நான். என் தந்தையும் அறுவை மருத்துவர், நானும் அப்படியே. எங்கள் தையல் இதுவரை சீழ் வைத்ததில்லை என்று சொல்லியே தலை நிமிர்ந்து நடந்த குடும்பம்.

பேத்தி அவன் மருத்துவமனையிலேயே பயிற்சி மருத்துவர். அறுவைக்குப் பின் முப்பது நாளில் எத்தனை காயங்கள் சீழ் பிடிக்கின்றன என்று நாற்பது மருத்துவமனைகள் சேர்ந்து அப்போது ஓர் ஆய்வு நடத்தின; என் அறுவையும் அதில் ஒரு கணக்கு. பயிற்சி மருத்துவர்கள்தான் விவரம் சேகரிக்க வேண்டும்; சேகரித்த எல்லார் பெயரும் ஆய்வுக் கட்டுரையில் அச்சாகும். அவள் ஒவ்வொருவராக இழுத்து வந்தாள். கடைசியாகச் சிக்கியவன், வேலை என்றாலே நழுவுவதால் வார்டில் 'நழுவல்' என்று பெயரெடுத்த பையன்.

"நானூறு பேர்ல ஒருத்தனா பேர் வரதுக்கு நான் எதுக்குன்னான், தாத்தா. நாம மட்டும் பாத்தா அது வெறும் கதைடா, எல்லாரும் சேந்து பாத்தாத்தான் உண்மைன்னேன். வந்துட்டான்."

"நம்ம பேர் நானூறுல ஒண்ணா வந்ததில்லையே," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போனாள்.

இருபத்திரண்டாம் நாள் காயத்தில் சீழ் கண்டது. நானே மருந்து எழுதி வாங்கினேன், நானே கட்டுப் போட்டேன். குளியலறைக் கூடையில் கிடந்த பஞ்சைப் பேத்தி பார்த்துவிட்டாள்.

"அப்பாகிட்ட சொல்லுங்க தாத்தா."

"யார்கிட்டயும் மூச்சு விடாதே," என்றேன். வாக்கு வாங்கிக்கொண்டேன்.

உறவினர் விவரத்தை உறவினரே எழுதக் கூடாது என்பது ஆய்வின் விதி. அதனால் முப்பதாம் நாள் காலை நழுவல் அழைத்தான்.

"ஐயா, காயத்துல சிவப்பு, சீழ் ஏதாவது வந்துச்சா? மாத்திரை எடுத்தீங்களா?"

"ஒண்ணுமில்லப்பா. சுத்தமா ஆறிடுச்சு."

எதிரே நின்ற பேத்தி தொலைபேசியை வாங்கக் கையை நீட்டினாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

"அவன் பண்ற முதல் போன் இது," என்றாள். "யாருக்காகப் பொய் சொன்னீங்க?"

"உங்கப்பன் பேர் கெடக் கூடாதுன்னுதான்."

"அந்தப் படிவத்துல டாக்டர் பேரே கிடையாது தாத்தா. எந்த மாதிரி தையலுக்கு எவ்வளவு சீழ்னு மட்டும்தான் பாக்கறாங்க."

படிவத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்கக் கேட்டதும் இல்லை.

என் வறட்டு வீம்பு இறங்க ஒன்பது நாள் ஆயிற்று. நழுவலை நானே அழைத்துச் சொன்னேன்.

"விவரப் பதிவை முந்தாநாளே மூடிட்டாங்க ஐயா. எங்க யாராலயும் இனி திறக்க முடியாது."

என் கணக்கைத் திருத்தச் சொல்லி ஆய்வின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். முன்னாள் துறைத் தலைவர் என்று கையெழுத்துக்குக் கீழே போட்டேன். வருந்துகிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அதற்குள் பேத்தி ஆய்விலிருந்து தன் பெயரை விலக்கிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கேட்டேன்.

"உங்களுக்குக் கொடுத்த வாக்க மீற முடியல. தெரிஞ்சே தப்பான கணக்குல பேரும் போட முடியல. விடுங்க தாத்தா."

அவள் கோபித்திருந்தால் அதட்டியிருப்பேன்.

போன வாரம் ஆய்வு அச்சில் வந்தது. மகன் மேசையில் வைத்துவிட்டு, "இவ பேர் எங்கப்பா? இவதானே எல்லாரையும் சேர்த்தா?" என்றான். அவன் போனதும் பூதக்கண்ணாடி எடுத்துப் பொடி எழுத்துப் பட்டியலை அகர வரிசையில் தேடினேன். நழுவலின் பெயர் இருந்தது. பேத்தி பெயரோடு எங்கள் பெயரும் வந்திருக்க வேண்டிய இடத்தில் இடைவெளிகூட இல்லை. ஒரு பெயரும் அடுத்த பெயரும் நெருக்கமாக ஒட்டி நின்றன.