வலி நின்ற வயிறு

தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் அறையில் இருந்தவர்கள்: என் தம்பி தனுஷன், அவன் பொண்டாட்டி லோஜினி, வயிறு நீவ வந்த ஆண்டியப்பன் மாமா, நான்.

தனுஷன் முந்தின நாளிலிருந்து வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். குடல் விலகிவிட்டது என்றார் மாமா. எங்கள் தோட்டத்தில் யாருக்கு வயிறு வலித்தாலும் குடல் விலகியதாகத்தான் பேச்சு. நான் ஃபெக்டரியில் இரவு வேலை முடிந்து வந்தபோது, நல்லெண்ணெய் தடவிக் கட்டைவிரலால் அழுத்தி நீவிக்கொண்டிருந்தார். தம்பி பல்லைக் கடித்து முனகினான். திடீரென்று முனகல் நின்றது.

"அட, போயிருச்சு" என்றான். சிரிக்கவும் செய்தான்.

"பாத்தியா, நம்ம கை அப்படி. லோஜினி, மாப்புளைக்குப் பிளேன்டி ஊத்து. ரொட்டியும் சுடு."

லோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்கு ஓடினாள்.

அப்பாவுக்கும் இப்படித்தான் வலி நின்றது. வயிறு நிறையச் சாப்பிட்டார். மறுநாள் செத்துப்போனார். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சின்ன வால் ஒன்று இருக்கிறதாம். அது அடைத்து வீங்கி வெடித்திருக்கிறது, வெடித்ததால்தான் வலி விட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். தின்ற ரொட்டி இரைப்பையில் கூழாகிறது. சிறுகுடல் அதன் சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. மிச்சம் பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே கோடிக்கணக்கில் கிருமி. குடலுக்குள் இருக்கும்வரை அது நம்மை ஒன்றும் செய்யாது. வெளியே கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும்.

லோஜினி நீட்டிய கோப்பையைப் பிடுங்கினேன். "ஒண்ணும் குடுக்காத. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"வலியே இல்லங்கிறான், அப்புறம் என்னா?" மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ராவெல்லாம் முழிச்சிட்டு வந்து பேயப் பாக்குற. படிப்ப பாதியில விட்டவனெல்லாம் டாக்டரு!"

"வலி இல்லாததுதான் பயமா இருக்கு மாமா."

"ஒரு வாய் டீயாவது குடிக்கிறேண்ணே" என்றான் தனுஷன். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஓட்டோவுக்குப் போன் பண்ணினேன்.

ஓட்டோவில் முதலில் கேலி பேசிக்கொண்டு வந்தான். "ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னா ஓட்டோக் காசு நீதாண்ணே." பிறகு பேச்சு குறைந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரி நெருங்கும்போது உடம்பு கொதித்தது, பல் கிட்டியது. வயிற்றைத் தொட்டேன். கல்லாக இறுகியிருந்தது. பக்கத்தில் இருந்த லோஜினியிடம் சொல்லவில்லை.

டாக்டர் வயிற்றை ஒருமுறைதான் அழுத்தினார். வலி எப்போது நின்றது என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் மெதுவாக நடக்கவில்லை.

தள்ளுவண்டியில் போகும்போது தனுஷன் என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அப்பாவுக்கு வந்ததா?"

"இல்லடா."

அவன் நம்பவில்லை. விரலை இன்னும் இறுக்கினான். வண்டி தள்ளியவர் எங்கள் கையைப் பிரித்துவிட்டு அவனை சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் கொண்டுபோனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து பூட்டினார்கள்.